கும்பிட வந்தவரும் காண வந்தவரும்: வாட்டர்லூ வீதிக் கோயில்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

கோயிலுக்குச் செல்வோரை அடியவர் என்றும் சுற்றுலாப் பயணி என்றும் இரு வகையாகப் பகுத்துப் பேசுவது இன்றைய வழக்கம். முன்னவர் கும்பிட வருகிறார். பின்னவர் காண வருகிறார் என்பது இப்பகுப்பின் அடிப்படை. ஆனால் தமிழர்தம் பேச்சு வழக்கு இப்பகுப்புக்கு எளிதில் உடன்படுவதில்லை. 'கோயிலுக்குப் போய்ச் சாமி பார்த்துவிட்டு வந்தேன்' என்றே நம் மக்கள் கூறுவர். 'தரிசனம்' என்ற வடசொல்லுக்கும் காணுதல் என்பதே பொருள். இறைவன் 'காட்சி கொடுக்கிறான்'. அடியவன் 'கண்குளிரக் காண்கிறான்'. காண்பதும் கும்பிடுவதும் ஒரே செயலின் இரு பெயர்களாக இருந்த ஒரு மொழியில், அவை எப்போது, எவ்வாறு பிரிந்தன என்பது ஆராயத்தக்க வினாவாகும்.

இவ்வினாவைச் சிங்கப்பூரின் வாட்டர்லூ வீதியில் அருகருகே அமைந்துள்ள இரு கோயில்களை முன்வைத்து இக்கட்டுரை அணுகுகிறது. ஒன்று சீனர்தம் நாட்டார் சமய மரபில் பெரும்புகழ் பெற்ற குவான் இம் தோங் ஹூட் சோ கோயில்; மற்றொன்று ஸ்ரீ கிருஷ்ணன் கோயில். இவற்றின் வரலாற்றை எழுதுவது நம் நோக்கமன்று. இத்தகைய கோயில்களைப் பற்றி நம் வட்டாரத்தில் தமிழில் எழுதும்போதும், வகுப்பறையில் பேசும்போதும் நாம் கைக்கொள்ளும் வாசிப்பு முறையைத் திறனாய்வு செய்வதே நோக்கம். அவ்வாசிப்பு பிழைபட்டால் இழப்பு கட்டுரையோடு முடிவதில்லை. கோயிலுக்கும் நேர்கிறது என்பது நம் கருத்து.

வீதியும் கோயில்களும்

வாட்டர்லூ வீதியின் ஒரு பகுதி இன்று வாகனங்கள் செல்லாத நடைபாதையாக உள்ளது. தாமரை மொட்டுகளும் செவ்வந்தியும் விற்கும் பூக்கடைகள், ஊதுவத்திக் கடைகள், குறி சொல்வோர், செருப்புத் தைப்போர், இரப்போர் என ஒரு கோயில் வாசலுக்குரிய எல்லாரும் அங்குண்டு. தமிழகத்துக் கோயில் நகரம் ஒன்றின் சன்னிதித் தெருவைக் கண்டவருக்கு இக்காட்சி புதிதன்று.

குவான் இம் கோயில் 1884இல் தோன்றியது. 1895இலும் பின்னர் 1982இலும் புதுப்பித்துக் கட்டப்பெற்றது. சீனர்கள் இதனைப் பேச்சு வழக்கில் 'நான்காம் சாலைக் குவான் யின் கோயில்' என்று பொருள்படும் பெயரால் அழைப்பர். கருணையின் வடிவான குவான் யின் இங்கு முதன்மைத் தெய்வம். போதிதருமரும், பண்டைச் சீன மருத்துவரான ஹுவா துவோவும் உடன் வணங்கப்பெறுகின்றனர். சீனப் புத்தாண்டுக்கு முந்திய இரவில், நள்ளிரவு கடந்தவுடன் முதல் ஊதுவத்தியை ஏற்றிவிட வேண்டும் என்று பெருங்கூட்டம் இங்குக் காத்து நிற்பதைச் சிங்கப்பூரர் அனைவரும் அறிவர்.

சில அடி தொலைவில் உள்ள ஸ்ரீ கிருஷ்ணன் கோயில் 1870இல் ஹனுமான் பீம் சிங் என்பார் ஓர் ஆலமரத்தடியில் வழிபாடு தொடங்கியதிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடுகிறது. 2014இல் இது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பெற்றது. 2018இல் திருப்பணி முடிந்து குடமுழுக்குக் கண்டது. இக்கோயிலின் முகப்பில் சீனப் பக்தர்களுக்கென ஊதுவத்திக் கொப்பரை வைக்கப்பட்டுள்ளது. குவான் யின்னை வணங்கி முடித்த சீனர் பலர், அதே ஊதுவத்திக் கட்டோடு இங்கும் வந்து, கைகூப்பி, தலைதாழ்த்தி, கொப்பரையில் வத்தியை நட்டுச் செல்கின்றனர். அதே வீதியில் 1878இல் எழுந்த மகாயின் அபோத் யூதத் தொழுகைக் கூடமும் உள்ளது.

இத்தகைய இடத்தைப் பற்றி எழுத முனையும் தமிழ் மாணவர் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்கிறார். ஒன்று, தலபுராண வழி: கோயில் எழுந்த கதை, தெய்வங்களின் பெயர்கள், திருவிழாக்கள். இரண்டு, நல்லிணக்க வழி: பல சமயத்தார் கூடி வாழும் அழகிய காட்சி. மூன்று, சீர்திருத்த வழி: குறி கேட்பதும் வத்தி ஏற்றுவதும் மூடநம்பிக்கை. இம்மூன்றையும் நாம் தனித்தனியே நோக்கவேண்டும்.

ஆற்றுப்படையிலிருந்து பயணக் கட்டுரைக்கு

கோயிலுக்கு வழிகாட்டும் எழுத்து தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டுள் முதலாவதாக வைக்கப்பெற்ற திருமுருகாற்றுப்படை, முருகன் உறையும் இடங்களுக்கு ஒருவனை ஆற்றுப்படுத்தும் நூல். அதன் இறுதிப் பகுதி ஈண்டு நம் கவனத்துக்குரியது. திருச்சீரலைவாயையும் திருவாவினன்குடியையும் பாடிய அதே புலவர், பழமுதிர்சோலைப் பகுதியில் தினையும் மலரும் கலந்து, ஆட்டுக்கிடாய் அறுத்து, கோழிக்கொடி நட்டு நிகழும் வெறியாட்டு வழிபாட்டையும் அதே மதிப்போடு பாடுகிறார். வேள்வி செய்யும் அந்தணர் வழிபாடு ஓரிடத்தில் வருகிறது. குறமகள் நிகழ்த்தும் வழிபாடு மற்றோரிடத்தில் வருகிறது. ஒன்று உயர்ந்தது, மற்றொன்று தாழ்ந்தது என்ற குறிப்பு அங்கில்லை. செல்பவன் எதைக் காண்பான், அங்குள்ளோர் என்ன செய்வர், அவனுக்கு என்ன கிடைக்கும் என்பனவே அந்நூலின் அக்கறை.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பயண எழுத்தில் இவ்விரிவு குறுகிவிட்டதைக் காண்கிறோம். தொ. மு. பாஸ்கரத் தொண்டைமானின் 'வேங்கடம் முதல் குமரி வரை' கலைச்சுவையும் இலக்கியச் சுவையும் நிறைந்த தொகுதி; தமிழ் வாசகர் பலருக்குச் சிற்பத்தைப் பார்க்கக் கற்றுக்கொடுத்த எழுத்து அது என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வெழுத்தின் மரபில் வந்த பின்னாளைய கட்டுரைகள் பலவும் மூலவர், உற்சவர், தலவிருட்சம், தீர்த்தம் என்ற வரிசையைப் பிடித்துக்கொண்டு, கோயில் வாசலில் நிற்கும் காவல் தெய்வத்தையும் அதற்குக் கிடாய் வெட்ட வந்த குடும்பத்தையும் கடந்து உள்ளே சென்றுவிட்டன. காண்பது கலைக்கு, கும்பிடுவது கருவறைக்கு. வாசல் எழுத்தில் இடம் பெறவில்லை.

இப்போக்கை மாற்றிய நூல்களுள் தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' குறிப்பிடத்தக்கது. மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் வெளியிட்ட இவ்வாய்வு நூல், ஒரு வைணவப் பெருங்கோயிலை அதன் வாசலில் நிற்கும் பதினெட்டாம்படிக் கருப்பசாமியிலிருந்தும், அங்கு வரும் பல்வேறு சமூகத்தாரின் உறவிலிருந்தும் வாசித்தது. கோயில் என்பது கட்டடம் அன்று, அதற்கு வருவோரின் தொகுதி என்பதை அந்நூல் நிறுவியது. வாட்டர்லூ வீதியை நோக்கவும் நமக்கு இம்முறையே வேண்டும். கொடிமரத்திலிருந்து தொடங்காமல் கொப்பரையிலிருந்து தொடங்கினால், கிருஷ்ணன் கோயில் வேறொரு கோயிலாகத் தெரிகிறது.

நல்லிணக்கம் என்னும் வாசிப்பு

கிருஷ்ணன் சன்னிதியில் சீனர் ஒருவர் ஊதுவத்தி ஏற்றும் படம் சுற்றுலா ஏடுகளிலும் பாடநூல்களிலும் எளிதில் இடம்பெறத் தக்க படம். அதன் அடியில் 'சமய நல்லிணக்கம்' என்ற தொடர் அமைவது வழக்கம். இத்தொடரைப் பொய் என்று நாம் கூறவில்லை. பல்லினச் சமூகத்தில் இதனினும் இனிய காட்சி அரிது. ஆயினும், விளக்கம் என்ற அளவில் இது போதாது என்கிறோம்.

அப்படத்தில் உள்ளவர் நல்லிணக்கத்தை வெளிப்படுத்த அங்கு வரவில்லை. மகனின் தேர்வு, கணவரின் நோய், வாங்கவிருக்கும் வீடு என ஏதோ ஒன்றை வேண்டிக்கொள்ள வந்திருக்கிறார். அவர்தம் செயலுக்கு 'நல்லிணக்கம்' என்று பெயரிடும்போது, அவர் கேட்டது என்ன என்ற வினா மறைந்துவிடுகிறது. வேண்டுதல் காட்சியாக மாறுகிறது. வேண்டியவர் எடுத்துக்காட்டாக மாறுகிறார். தம் துயரோடு வந்த ஒருவரை ஒரு கருத்தின் சான்றாக மட்டும் பயன்படுத்துவது திறனாய்வு நோக்கில் குறையுடையது, அறநோக்கிலும் குறையுடையது.

மேலும், நல்லிணக்கம் என்ற சொல் இரு தனித்த சமயங்கள் முதலில் உள்ளன, அவை பின்னர் இணங்குகின்றன என்ற முன்முடிவைத் தன்னுள் கொண்டுள்ளது. சீன நாட்டார் சமயத்தில் இம்முன்முடிவுக்கு இடமில்லை. 'பாய் ஷென்' எனப்படும் தெய்வ வணக்கத்தில் பௌத்தம், தாவோயியம், முன்னோர் வழிபாடு ஆகியன வேலியிட்டுப் பிரிக்கப்படுவதில்லை. மலேசியச் சீனர் மரத்தடியில் செந்நிறச் சிறுமாடம் அமைத்து டத்தோ கோங் என்ற மண்ணின் காவல் தெய்வத்தை வணங்குகின்றனர். அத்தெய்வம் மலாய் முஸ்லிமாகக் கருதப்படுவதால் பன்றி இறைச்சி படைப்பதில்லை. சிங்கப்பூரின் லோயாங் துவா பெக் கோங் கோயிலில் விநாயகரும் கிராமத்தும் ஒரே வளாகத்தில் உள்ளனர். பினாங்குத் தைப்பூசத்தில் சீனர் குடும்பங்கள் தேங்காய் உடைக்கின்றன. இவர்கள் தம் சமயத்தை விட்டு மற்றொன்றுக்குள் நுழைவதாக எண்ணுவதில்லை. தெய்வம் இருக்குமிடத்தில் வணங்குகின்றனர், அவ்வளவே. சமூகவியலாளர் வினீதா சின்ஹா சிங்கப்பூரில் இந்து, தாவோயிய மரபுகள் ஒன்றையொன்று தொடும் இடங்களை ஆராய்ந்து 2008இல் எழுதிய கட்டுரை இத்தளத்தில் பயன்மிக்கது.

துடியும் லிங்கும்

சீனர் ஏன் கிருஷ்ணனிடம் வருகின்றனர் என்ற வினாவுக்கு அவர்தம் மொழியிலேயே விடை உள்ளது. ஒரு தெய்வம் வேண்டியதைத் தரவல்லது எனின், அதனை 'லிங்' உடையது என்பர். எந்தச் சமயத்துத் தெய்வம் என்பதைக் காட்டிலும் லிங் உள்ளதா என்பதே முதன்மை. இச்சொல்லைப் பெயர்க்கத் தமிழாசிரியர் அகராதியைத் தேட வேண்டியதில்லை. 'அந்தச் சாமி துடியான சாமி' என்று நம் பாட்டிமார் கூறிய சொல்லே அது. துடியான தெய்வம் உடனே கேட்கும். உடனே தண்டிக்கவும் செய்யும். முனியாண்டியையும் சுடலைமாடனையும் மதுரைவீரனையும் பற்றி அச்சொல் வழங்கியது.

ஒப்புமை இதனோடு நிற்கவில்லை. சீனர் புதிய கோயில் எழுப்புகையில் தாய்க்கோயிலின் ஊதுவத்திச் சாம்பலை எடுத்துவந்து புதுக் கொப்பரையில் இடுவர். இதனை 'வத்தி பகிர்தல்' என்ற பொருளுடைய தொடரால் குறிப்பர். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் பிடிமண் எடுத்துவந்து புதுக்கோயில் நாட்டும் வழக்கம் இதற்கு நேரானது. கடல் கடந்து வந்த இரு இனத்தாரும் தெய்வத்தை இவ்வாறே உடன் கொண்டுவந்தனர்: ஒருவர் சாம்பலாக, மற்றவர் மண்ணாக. எடுத்துச் செல்லக்கூடிய தெய்வமே புலம்பெயர்ந்தோரின் தெய்வம்.

குவான் இம் கோயிலில் குறி கேட்கும் முறையும் இவ்வாறே நமக்கு அயலானதன்று. எண்ணிட்ட மூங்கிற் குச்சிகள் நிறைந்த குழாயைக் கையிலேந்தி, முழந்தாளிட்டு, கேள்வியை மனத்துள் கூறி, ஒரு குச்சி வெளியே விழும்வரை குலுக்குகின்றனர். பின்னர்ப் பிறைவடிவக் கட்டை இரண்டை நிலத்தில் இடுவர். ஒன்று நிமிர்ந்தும் மற்றொன்று கவிழ்ந்தும் விழுந்தால், தெய்வம் அக்குச்சியை ஒப்புக்கொண்டது என்று பொருள். அதன்பின் அவ்வெண்ணுக்குரிய தாளைப் பெறுவர். அத்தாளில் இருப்பது ஒரு செய்யுள். பூப்போட்டுப் பார்ப்பதையும் திருவுளச் சீட்டு எடுப்பதையும் அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. ஆனால் இலக்கியம் கற்பிக்கும் நமக்கு வியப்பூட்ட வேண்டியது ஒன்றுண்டு. கவிதை வாசிக்கும் பழக்கம் குறைந்துவருகிறது என்று நாம் வருந்தும் ஒரு நகரத்தின் நடுவில், அன்றாடம் மக்கள் வரிசையில் நின்று ஒரு செய்யுளைப் பெற்று, அது தம் வாழ்வுக்கு என்ன சொல்கிறது என்று எண்ணிப் பார்க்கின்றனர். இதனினும் கூர்ந்த வாசகர் நம் விரிவுரை மண்டபங்களில் எத்தனை பேர்?

சீர்திருத்தப் பார்வையும் அதன் எல்லையும்

இவ்விடத்தில் எழக்கூடிய மறுப்பை நாம் புறக்கணிக்க இயலாது. குறி கேட்பதையும் துடியான சாமியையும் போற்றுவது பிற்போக்கு என்பது அம்மறுப்பு. நம் வட்டாரத் தமிழ் அறிவுலகில் இதற்கு நெடிய வேர் உண்டு. பெரியார் 1929இலும் 1954இலும் மலாயாவுக்குப் பயணம் தொடங்கி ஆற்றிய உரைகளும், 1932இல் சிங்கப்பூரில் தோன்றிய தமிழர் சீர்திருத்தச் சங்கமும், கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் நம் ஆசிரியர் தலைமுறையை உருவாக்கிய ஆற்றல்கள். சாதி இழிவையும் வீண் செலவையும் எதிர்த்த அவ்வியக்கம் இல்லையெனில் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி இந்நிலையில் வாய்த்திராது. அக்கடனை நாம் மறக்கவில்லை.

எனினும் இருவேறு செயல்களை நாம் வேறுபடுத்தியாக வேண்டும். ஒரு வழக்கத்தைக் கைவிடுமாறு கூறுவது ஒன்று. அதனைப் புரிந்துகொள்ளாமலேயே மதிப்பிடுவது மற்றொன்று. முன்னது சீர்திருத்தம். பின்னது வெறும் முகச்சுளிப்பு. சீர்திருத்தக்காரர்கள் தாம் எதிர்த்த வழக்கத்தை உள்ளும் புறமும் அறிந்திருந்தனர். அவர்தம் வீடுகளிலேயே அது நிகழ்ந்தது. இன்றைய மாணவருக்கு அவ்வறிவு இல்லை. முகச்சுளிப்பு மட்டும் மரபுரிமையாக வந்துள்ளது.

இம்முகச்சுளிப்பின் விளைவு கோயில்களில் தெரிகிறது. தோட்டங்களில் மரத்தடியில் கல்லாகவும் சூலமாகவும் நின்ற முனீஸ்வரர், நகரத்துக்கு வந்தபின் விமானமும் கோபுரமும் பெற்றார். பலவிடங்களில் சுருட்டும் சாராயமும் கோழிப்பலியும் மறைந்தன. சிவனின் வடிவம் என்ற விளக்கம் சேர்ந்தது. வினீதா சின்ஹா 2005இல் வெளியிட்ட முனீஸ்வரன் வழிபாடு பற்றிய நூல், இம்மாற்றத்தோடு, பழைய முறைகளைத் தம் வீட்டு மாடங்களில் தொடர்வோரையும் காட்டுகிறது. மாற்றம் மக்கள் தாமே விரும்பியதாயின் அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. ஆனால் படித்தவர் என்ன நினைப்பர், பார்க்க வருவோர் என்ன எழுதுவர் என்ற கூச்சத்தால் நிகழ்ந்ததாயின், அதில் நம் எழுத்துக்கும் பங்குண்டு. காண வருபவனின் கண் கோயிலை மாற்றவல்லது. இதுவே நாம் முன்னுரையில் குறித்த இழப்பு.

காண்பவனின் இடம்

மேலைநாட்டு மானிடவியலில் இவ்வினா நன்கு விவாதிக்கப்பெற்றுள்ளது. விக்டர் டர்னரும் எடித் டர்னரும் கிறித்துவத் திருத்தலப் பயணம் பற்றி 1978இல் வெளியிட்ட நூலில், பயணிக்கும் அடியவனுக்கும் சுற்றுலாவினனுக்கும் இடையிலான எல்லை மிக மெல்லியது என்று காட்டினர். எரிக் கோகன் 1979இல், சுற்றுலா அனுபவத்தைப் பொழுதுபோக்கு முதலாக வாழ்வின் மையத்தையே தேடும் பயணம் ஈறாக ஐவகைப்படுத்தினார். அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மேற்கொண்ட காலத்தில் இவற்றைப் பயின்ற நாம், பாட்டி எலுமிச்சம்பழம் வைத்து வணங்கிய தோட்டத்து முனியை 'நாட்டார் சமயம்' என்ற கலைச்சொல்லாக அங்குதான் முதன்முதல் சந்தித்தோம். அச்சொல் நமக்கு ஒரு தெளிவைத் தந்தது. அதே வேளையில் பாட்டியின் அருகில் நின்ற இடத்திலிருந்து சில அடி பின்னே நகர்த்தியும் வைத்தது.

அத்தொலைவை உணர்த்திய நிகழ்ச்சி ஒன்றை இங்குக் குறிப்பிடுதல் தகும். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரோடு வாட்டர்லூ வீதிக்குக் களப்பணிக்காகச் சென்றிருந்தோம். கிருஷ்ணன் கோயில் வாசலில், கையில் குறிப்பேட்டோடு கொப்பரையருகே நின்ற மாணவி ஒருவரிடம் மூதாட்டியான சீனப் பெண்மணி ஒருவர் தம் கட்டிலிருந்து மூன்று ஊதுவத்திகளை எடுத்து நீட்டினார். மாணவி தயங்கினார். மூதாட்டி மலாயில், 'மகளே, வெறுங்கையோடு நிற்காதே' என்று கூறி, வத்தியை நெற்றிவரை உயர்த்தித் தாழ்த்தும் முறையையும் காட்டிக்கொடுத்தார். மாணவி அவ்வாறே செய்தார். அன்று மாலை அவர் எழுதிய குறிப்பில், 'தமிழர் கோயிலில் தமிழ்ப் பெண்ணுக்குச் சீனர் ஒருவர் கும்பிடக் கற்றுக்கொடுத்தார். அது எங்கள் கோயில் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை' என்றிருந்தது.

அம்மாணவியின் குறிப்பு நம் அனைவரின் கட்டுரைகளையும்விட நேர்மையானது. அது நல்லிணக்கம் பற்றிப் பேசவில்லை. மூடநம்பிக்கை பற்றியும் பேசவில்லை. கோயில் யாருடையது என்ற வினாவைத் தன்மீதே திருப்பிக்கொண்டது. அம்மூதாட்டியின் பார்வையில் இனம் ஒரு பொருட்டன்று. ஊதுவத்தி ஏந்தியவர், ஏந்தாதவர் என்ற வேறுபாடே இருந்தது. காண்பவனுக்கும் கும்பிடுபவனுக்கும் இடையே அவர் ஒரு பாலம் இட்டார். அதற்கு மூன்று வத்திகள் போதுமாயிருந்தன.

குவான் இம் கோயிலின் உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை என்பதையும் இத்தொடர்பில் எண்ணிப் பார்க்கலாம். இதனைப் பயணியர்க்கு இடையூறு என்று கருதுவோர் உளர். நமக்கோ இது ஒரு விளக்கமாகவே படுகிறது. கதவு எவருக்கும் அடைக்கப்படவில்லை. இனமோ சமயமோ வினவப்படுவதில்லை. கருவியை மட்டும் கீழே வைக்குமாறு கேட்கின்றனர். வா, பார், ஆனால் எடுத்துக்கொண்டு போகாதே என்பதே அதன் பொருள். களப்பணிக்குச் செல்லும் ஆய்வாளருக்கும் இவ்வறிவுரை பொருந்தும்.

அவலோகிதனும் பொதிகையும்

தமிழ் கற்றோர் குவான் யின் சன்னிதியில் அயலாராக நிற்க வேண்டியதில்லை என்பதற்கு இலக்கியச் சான்றும் உண்டு. குவான் யின், அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரின் கிழக்காசிய வடிவம். சீனத்தில் நாளடைவில் பெண்ணுருப் பெற்றவர். பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டறிந்தது அவலோகிதனிடமே என்ற பௌத்த மரபைப் பதிவு செய்துள்ளது. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த சீனத் துறவி சுவான் சாங், அவலோகிதரின் உறைவிடமான போதலக மலை தென்னிந்தியாவின் மலய மலைக்கு அருகில் உள்ளதாகக் குறித்தார். அது பொதிகையே என்று ஜப்பானிய அறிஞர் ஷு ஹிகோசகா வாதிட்டார். சீனத்தின் கீழைக்கடலில் குவான் யின் அடியவர் இன்றும் பயணம் செல்லும் புத்தோ மலைத் தீவின் பெயரும் போதலகத்தின் திரிபே.

இத்தொடர்பை நாம் எடுத்துரைப்பது 'எல்லாம் நம்மிடமிருந்தே சென்றது' என்று பெருமை கொள்வதற்கன்று. அத்தகைய பெருமை கொப்பரையருகே நிற்கும் மூதாட்டிக்கும் பயன்படாது. நம் மாணவருக்கும் பயன்படாது. பொதிகைக் கருத்து ஒரு கருதுகோளே என்பதையும் மறத்தலாகாது. ஆயின் ஒன்று உறுதி: ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ் இலக்கண ஆசிரியர் தம் மொழியின் ஆசானாக எவரைக் கருதினாரோ, அவரே இன்று வாட்டர்லூ வீதியில் குவான் யின்னாக வணங்கப்பெறுகிறார். நாம் அயல்வீட்டுக்குள் நுழையவில்லை. நெடுநாள் பேச்சற்றுப் போன உறவினர் வீட்டுக்குச் செல்கிறோம்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகளைப் பெறலாம். முதலாவது, அடியவர் – பயணி என்ற பகுப்பு மனிதரைப் பிரிப்பதன்று. ஒரே மனிதர் ஒரே நாளில் இரண்டாகவும் இருத்தல் இயலும். இரண்டாவது, நாட்டார் கோயிலை வாசிக்க உகந்த இடம் கருவறையன்று, வாசல். மூன்றாவது, நல்லிணக்கம் என்ற சொல் உண்மையாயினும், வேண்டுதலை மறைக்கும்போது அது குறைச்சொல்லாகிறது. நான்காவது, சீர்திருத்த மரபு நமக்கு அளித்த வினவும் உரிமையைப் புரிந்துகொள்ளும் கடமையோடு சேர்த்தே கையாளவேண்டும்.

ஆசிரியப் பெருமக்களிடம் நாம் முன்வைப்பது ஒரு சிறு மாற்றமே. 'நான் சென்ற சுற்றுலா' என்ற தலைப்பில் மாணவரைக் கோயிலைப் பற்றி எழுதச் சொல்கையில், கோயில் எப்போது கட்டப்பெற்றது என்று கேட்பதோடு, அங்கு நீ கண்ட ஒருவர் என்ன வேண்டிக்கொண்டிருப்பார் என்றும் கேட்போம். முதல் வினாவுக்கான விடை பலகையில் எழுதப்பட்டிருக்கும். இரண்டாவதற்கு மாணவர் நின்று பார்க்கவேண்டும், தம் வீட்டில் யாரேனும் இவ்வாறு வேண்டிக்கொண்டதுண்டா என்று எண்ணவேண்டும், சொல் தேடவேண்டும். அத்தேடலில் 'துடியான சாமி' என்ற சொல் மீண்டும் ஒரு பிள்ளையின் ஏட்டில் இடம்பெறுமாயின், நாட்டார் சமயம் என்ற கலைச்சொல்லைக் கற்பிப்பதைவிட அது பயன்மிக்கது.

ஆலமரத்தடியில் தொடங்கியது தேசிய நினைவுச் சின்னமாகியுள்ளது. சின்னத்தைக் காக்க அரசும் அறங்காவலரும் உளர். மரத்தடியில் நின்று கைகூப்பியவரின் நினைவைக் காப்பது எழுதுவோர் கடமை. அதற்கு முதற்படி, காண வந்த நாம் வெறுங்கையோடு நிற்காதிருத்தல்.